பையில்லாத சுடிதாரும் ஒரு பேனாக்கத்தியும்

சேலம் லீ பஜாரில் மூட்டை பிரிப்பதை நின்று பார்த்திருக்கிறீர்களா? மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால், சர்ரென்று ஒரே இழுப்பில் முழுத் தையலும் கையோடு வந்துவிடும். தவறான முனையைப் பிடித்தால் முடிச்சு இறுகிக்கொண்டு, இழுக்க இழுக்க அடம்பிடிக்கும். சுமை தூக்கும் அண்ணன்கள் பேசிக்கொண்டே சரியான முனையைப் பிடித்துவிடுவார்கள். பதினேழு ஆண்டுகளாக ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதும் எனக்கு இன்றுவரை அது கைவரவில்லை. ஜவ்வரிசியிலோ துவரம்பருப்பிலோ மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டிய நாளில் முடிச்சோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் "அண்ணா, கத்தியைக் கொஞ்சம் கொடுங்கள்" என்று கேட்பேன். அவர் இடுப்பில் செருகியிருக்கும் கத்தியை எடுத்து, என் கையில் தராமல், மூட்டையின் மேல் வைப்பார். அங்கிருந்து நான் எடுத்துக்கொள்ள வேண்டும். கத்தியையும் மிளகாயையும் உப்பையும் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"தினமும் இரவல் வாங்குவதற்கு நீயே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளம்மா" என்றார் முதலாளி ஒரு நாள். வாங்கினேன். சரியானது கைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு ஆண்டுகளும் நான்கு கத்திகளும் ஆகிவிட்டன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் கைப்பையில் கத்தி வைத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "பாதுகாப்புக்கா?" என்பதுதான். கேட்பவர் முகத்தில் ஒரு மெச்சுதல் வேறு இருக்கும். இல்லை ஐயா, மாம்பழத்துக்கு. மடக்குக்கத்தியை வெளியே எடுத்து, இரண்டு கைகளாலும் பிடித்து, நகத்தால் நெம்பித் திறப்பதற்குள் வந்தவன் ஐந்து ரோடு சந்திப்புக்கே போய்ச் சேர்ந்திருப்பான். அப்படியே திறந்துவிட்டாலும், பதற்றத்தில் குத்தப்போனால் அது மடங்கி என் விரலைத்தான் அறுக்கும். தற்காப்புக்கு என்று நினைத்துக் கத்தி தேடுபவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஓடுவதற்கு வசதியான செருப்பு வாங்குங்கள், அது பயன்படும்.

நான் தேடியது பேனாக்கத்தி. அந்தப் பெயரே எனக்குப் பிடிக்கும். இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்கு வைத்திருந்த சிறு கத்திக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் அது. நம்மிடமும் மடக்கெழுத்தாணி இருந்தது. ஒரு பக்கம் ஓலையில் எழுதும் ஆணி, மறுபக்கம் ஓலையை நறுக்கும் கத்தி, இரண்டும் மடங்கி ஒரே பிடிக்குள் போய்விடும். கணக்கு எழுதுகிறவர்கள் இடுப்பில் கத்தி வைத்திருந்தது ஒரு காலத்தில் யாருக்கும் வினோதமாகத் தெரிந்திருக்காது.

இப்போது பையைப் பற்றிப் பேச வேண்டும். மடக்குக்கத்தி பற்றி எழுதும் ஆண்கள் எல்லோரும் கால்சட்டைப் பையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எந்தப் பக்கம் கிளிப் இருக்க வேண்டும், உட்காரும்போது தொடையில் உறுத்துமா என்று பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். எனக்கோ பையே கிடையாது. புடவையில் எங்கே பை? சுடிதார் தைக்கும் அம்மாபேட்டை டெய்லர் அண்ணனிடம் வலப்பக்கம் ஒரு பை வைக்கச் சொன்னேன். "பை வைத்தால் துணி ஒரு பக்கமாகத் தொங்கும் அக்கா, பார்க்க நன்றாக இருக்காது" என்றார். கெஞ்சி வாங்கிய பை இரண்டு விரல் ஆழம். கைப்பை இருக்கிறதே என்பீர்கள். கைப்பையில் போட்ட பொருள் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மருந்து அட்டை, சில்லறை, பழைய பஸ் டிக்கெட், சீப்பு எல்லாவற்றையும் கிளறித் துழாவி எடுப்பதற்குள் மூட்டையை அண்ணனே பிரித்துவிடுவார். ஆகவே என் கத்தியின் அளவை அந்த டெய்லர் அண்ணன்தான் தீர்மானித்தார். மடக்கினால் அந்த இரண்டு விரல் பைக்குள் நிற்க வேண்டும், துணியை இழுக்கும் கனம் இருக்கக் கூடாது.

அடுத்து, எதை வெட்டப்போகிறேன் என்று தெரிய வேண்டாமா? மண்டியில் பழைய கணக்குப் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்றின் கடைசிப் பக்கங்களில் ஒரு மாதம் குறித்துக்கொண்டே வந்தேன். எதை வெட்டினேன், கத்தி இல்லாமல் எதற்குப் பல்லையோ சாவியையோ பயன்படுத்தினேன் என்று. மூட்டைத் தையல், சணல் கயிறு, பார்சல் மீது ஒட்டிய டேப், பால் பாக்கெட், புதுத்துணியின் விலைச்சீட்டு, மருந்து பாட்டிலின் மூடியைச் சுற்றிய பிளாஸ்டிக், பென்சில். பழங்கள் பதினொரு முறை. மே மாதமாக இருந்திருந்தால் அது முப்பதைத் தாண்டியிருக்கும். மாதம் முழுவதும் இரண்டு விரல் தடிமனுக்கு மேல் எதையும் நான் வெட்டவில்லை, பழத்தைத் தவிர. இணையத்தில் கத்தி காட்டும் ஆட்கள் எல்லோரும் விறகு பிளக்கிறார்கள். கயிற்றில் தொங்கும் தண்ணீர் பாட்டிலை வீசி வெட்டுகிறார்கள். சேர்வராயன் மலையில் காட்டெருமை உண்டு, பெரியம்மா வீட்டுக் காபித் தோட்டத்துக்கே வந்துபோகிறது. அதன் எதிரில் நிற்கும்போது கையில் இருக்கும் கத்தி மூன்று அங்குலமா நான்கு அங்குலமா என்பதில் அந்த எருமைக்கு ஒன்றும் வித்தியாசமில்லை.

இவ்வளவு யோசித்தது இரண்டாவது கத்திக்குத்தான். முதல் கத்தியை யோசிக்காமல் வாங்கினேன். ஒரு கண்காட்சியில், கருப்பு வண்ணம் பூசி, கட்டைவிரலால் தள்ளினால் டக்கென்று திறக்கும் ஒன்று. விலை மிகவும் குறைவு. அலகின் மேல் மண்டையோட்டுப் படம். அந்தப் படத்தைப் பார்த்தபோதே நான் விலகியிருக்க வேண்டும். லைனர் லாக் என்று ஒரு பூட்டு முறை. இன்று நிறைய மடக்குக்கத்திகளில் இதுதான் இருக்கிறது. பிடிக்குள் பக்கவாட்டில் ஒரு மெல்லிய தகடு இருக்கும். அலகு முழுவதும் திறந்ததும் அந்தத் தகடு வில்போல் உள்பக்கம் நகர்ந்து, அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நிற்கும். தகடு நன்றாக நகர்ந்து முழு முட்டாக நின்றால் கத்தி மடங்காது. என்னுடையதில் அந்தத் தகடு அலகின் ஓரத்தை நூலிழை அளவுதான் தொட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

ஒரு கொய்யாக்காய். நல்ல செங்காய். கத்தி பாதி வரைக்கும் இறங்கிச் சிக்கிக்கொண்டது. வெளியே எடுக்க அசைத்தேன். அசைத்த வேகத்தில் முதுகுப் பக்கமாக அழுத்தம் போயிற்று. டப்பென்று மடங்கியது. ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் வெள்ளையாக ஒரு கோடு. ரத்தம் வருவதற்கு ஒரு நொடி பிடித்தது. மூன்று தையல். தையல் போட்ட டாக்டர், "என்ன வெட்டினீர்கள்?" என்று கேட்டார். "கொய்யாக்காய்" என்றேன். நம்பவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அன்றைக்கு ஒன்று புரிந்தது. பூட்டு இருக்கிறது என்று நம்பிக் கையை அலட்சியமாக வைக்கிறோம். அந்தப் பூட்டு அரைகுறையாக இருந்தால் பூட்டே இல்லாத கத்தியைவிட மோசம். பூட்டில்லாத பழைய வகைக் கத்தியில் முதுகில் ஒரு வில் மட்டும் இருக்கும். அலகைத் திறந்த நிலையில் அழுத்திப் பிடிக்கும், கொஞ்சம் பலமாகத் தள்ளினால் மடங்கிவிடும். அது மடங்கும் என்று கைக்குத் தெரியும். அதனால் கை எப்போதும் ஜாக்கிரதையாகவே இருக்கும். தாத்தாவின் கத்தி அந்த வகை.

தாத்தா ஊர்க் கணக்குப்பிள்ளை. அவர் கத்தி இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கொம்புப் பிடி, இரண்டு அலகுகள். சிறியது பாதியில் முறிந்தது. பெரிய அலகின் அடியில் 'ஷெஃபீல்டு' என்ற முத்திரை பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும். சேலத்துக்காரர் ஏன் இங்கிலாந்துக் கத்தி வைத்திருந்தார் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம். கஞ்சமலையில் இரும்புத்தாது கொட்டிக் கிடக்கிறது. இந்தப் பகுதியில் உருக்கு காய்ச்சியவர்கள் இருந்திருக்கிறார்கள். அப்புறம் ஒரு நாள் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவரைப் பற்றிப் படித்தேன். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர். சேலம் வட்டாரத்துத் தாதுவை நம்பி 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். பிறகு இங்கிலாந்துக்குப் போய், உருக்கு காய்ச்சும்போது மாங்கனீசு சேர்க்கும் முறை ஒன்றுக்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டில் நல்ல உருக்கின் விலை அதனால் இறங்கியது. அங்குள்ளவர்கள் அவருடைய முறையைப் பயன்படுத்திக்கொண்டு பணம் தராமல் இழுத்தடித்தார்கள் என்பதும், அவர் வழக்கு நடத்தியே ஓய்ந்தார் என்பதும் தனிக்கதை. சேலத்து மண்ணோடு பழகிய ஒருவர் கைவைத்த ஊரிலிருந்துதான் தாத்தாவின் கத்தி வந்திருக்கிறது என்று தெரிந்ததும் வருத்தம் பாதியாகக் குறைந்தது.

சரி, நம் ஊர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு கத்தி செய்துகொள்ளலாமே என்று அடுத்து தோன்றியது. கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலை. 1981-இல் உற்பத்தி தொடங்கியது. சமையலறைப் பாத்திரத்துக்கும் நாணயத்துக்கும் அங்கிருந்து தகடு போகிறது. செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போய்க் கேட்டேன். ஓரத்தில் கிடந்த பாத்திரத் தகட்டுத் துண்டைக் காட்டி, இதில் ஒரு சின்ன அலகு அடித்துத் தாருங்கள் என்றேன். அவர் அந்தத் துண்டை எடுத்துக் கையாலேயே வளைத்தார். அது வளைந்தபடியே நின்றது.

"இது தோய்ச்சலுக்கு ஒத்துவராது கண்ணு. எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் இப்படியேதான் இருக்கும். சாம்பார் ஊற்றுவதற்குத்தான் இது."

அவர் சொன்னதற்கான காரணத்தைப் பிற்பாடு தேடித் தெரிந்துகொண்டேன். பாத்திரத்துக்குப் பயன்படும் 304 ரகத்தில் குரோமியம் நூற்றுக்கு 18, நிக்கல் 8. கரிமம் அதிகபட்சம் 0.08. உருக்கைக் காய்ச்சித் திடீரென்று குளிரவைத்தால் கெட்டிப்படுவது அதில் இருக்கும் கரிமத்தால். 304-இல் அது போதாது, நிக்கல் வேறு அதன் உள்ளமைப்பை மாறவிடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. கத்திக்கு வேண்டிய ஸ்டெயின்லெஸ் வேறு சாதி. கரிமம் அரை சதவீதமாவது இருக்கும், குரோமியம் 13, 14 என்று இருக்கும், நிக்கல் இருக்காது. துருப்பிடிக்காததாலேயே ஒன்று நல்ல கத்தியாகிவிடாது. கடையில் அலகின் மேல் வெறுமனே 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை. ரகத்தின் பெயரையும் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். ராக்வெல் அளவில் கடினம் 55-க்குக் கீழே இருந்தால் நான் வாங்கமாட்டேன். 60-க்கு மேலும் எனக்கு வேண்டாம். கூர் நெடுநாள் நிற்கும்தான், ஆனால் மழுங்கிய பிறகு வீட்டுச் சாணைக்கல்லில் அதைத் தீட்டி முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

இரண்டாவது கத்தி பிரான்ஸிலிருந்து வந்தது. அங்கே வேலை பார்க்கும் சித்தப்பா மகன், நான் கத்தி தேடுவது தெரிந்து ஓர் ஒபினெல் கொண்டுவந்து கொடுத்தான். ஆறாம் எண், அலகு ஏழு சென்டிமீட்டர். 1890-இல் சவாய் மலைநாட்டில் ஜோசப் ஒபினெல் செய்யத் தொடங்கிய வடிவம் பெரிதாக மாறவில்லை. உருண்டையான மரப்பிடி, அதில் ஒரு கீறல், கீறலுக்குள் அலகு, பின்னாளில் சேர்த்தது கழுத்தில் திருகும் ஒரு வளையம் மட்டும். வளையத்தைத் திருகினால் அலகு மடங்காது. அவ்வளவுதான், கெட்டுப்போவதற்கு உள்ளே எதுவுமில்லை. கார்பன் ஸ்டீல் அலகு, மெல்லியது. அதைக் கொண்டு மல்கோவாவை நறுக்கியபோது, இத்தனை ஆண்டுகளாக நான் மாம்பழத்தை நறுக்கவில்லை, நசுக்கியிருக்கிறேன் என்று தெரிந்தது. கன்னத்தை ஒரே இழுப்பில் எடுத்தேன். வெட்டிய முகம் கண்ணாடிபோல் வழவழவென்று, சாறு சொட்டாமல் நின்றது.

மாம்பழம் வெட்டக் கத்தி எவ்வளவு நீளம் வேண்டும் என்பதில் ஒரு மயக்கம் உண்டு. பழத்தின் முழு அகலத்துக்கும் வேண்டும் என்று நினைக்கிறோம். நடுவில் கொட்டை இருக்கிறதே! கன்னத்தைச் சீவ, பழத்தைக் கையில் திருப்பிக்கொண்டே வந்தால் ஆறு சென்டிமீட்டர் அலகு மல்கோவாவுக்கே போதும். குண்டு, நடுசாலை, இமாம் பசந்த் எல்லாவற்றிலும் சோதித்துப் பார்த்துவிட்டேன். இந்த ஆராய்ச்சிக்கு வீட்டில் எதிர்ப்பு ஒன்றும் வரவில்லை.

ஒபினெல் இன்றும் இருக்கிறது, ஆனால் அதை நான் தினமும் எடுத்துப் போவதில்லை. ஒரு காரணம் புளிப்பு. மாம்பழமும் ஆரஞ்சும் பட்டால் கார்பன் ஸ்டீல் சாம்பலும் நீலமுமாகக் கறுத்துவிடும். அது துரு அல்ல, அலகுக்கு நல்லதுகூட. ஆனால் கறுத்த கத்தியால் நறுக்கிய பழத்தை அலுவலகத்தில் யாரும் தொடமாட்டார்கள். இன்னொரு காரணம் ஏற்காடு. பெரியம்மாவை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். சேலத்து வெயிலில் உலர்ந்து கிடக்கும் மரப்பிடி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மூடுபனிக்குள் போனதும் ஈரத்தை உறிஞ்சி ஊதிக்கொள்கிறது. அலகு கீறலுக்குள் இறுகி, நகம் பிய்ந்தாலும் வெளியே வராது. பிடியின் அடிப்பகுதியை மேசை ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தானாகத் தலைநீட்டும். சவாய்க்காரர்களின் வித்தை அது. பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, "கத்தியைத் திறப்பதற்குச் சுத்தியல் வேண்டுமா?" என்று கேட்டார்.

பெரியப்பாவிடம் இருப்பது கவாத்துக் கத்தி. முன்னால் கிளிமூக்குபோல் வளைந்த அலகு, அதுவும் மடக்குவதுதான். காபிச் செடியில் தேவையற்ற தளிரை நீக்க, சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடியைக் கட்டிய பழைய கயிற்றை அறுக்க அதுபோல் வேறில்லை. இழுத்தால் தானாக உள்ளே வாங்கிக்கொள்ளும். அதை வைத்து ஒரு பழத்தை வெட்டிப் பாருங்கள், தெரியும். எந்தக் கத்தியைக் கொடுத்தாலும் பெரியப்பா முதலில் அலகைத் தம் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்த்து வைப்பார், எடையே தராமல். வழுக்கினால் மொக்கை. நகத்தில் கவ்வி நின்றால் கூர். தாளை வெட்டிக் காட்டுவது, கை முடியைச் சிரைத்துக் காட்டுவது எல்லாம் அவருக்குப் பிடிக்காது.

அந்த டிசம்பரில் இன்னொன்றும் கற்றேன். கீல் சிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தேன். சேலத்தில் வெண்ணெய்போல் வழுக்கியது. ஏற்காட்டில் மறுநாள் காலை எண்ணெய் உறைந்து, கத்தி மெழுகில் புதைத்தது போல் இருந்தது. பாட்டிலில் உறையும் எண்ணெய் கீலிலும் உறையும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? இப்போது தையல் மெஷின் எண்ணெய், ஒரே ஒரு சொட்டு, வழிந்ததைத் துணியால் ஒற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, சுவிட்சர்லாந்துக்காரர்களின் குட்டிச் சிவப்புக் கத்தி. விக்டோரினாக்ஸ், மடக்கினால் 58 மில்லிமீட்டர். சாவிக்கொத்தில் தொங்கியது, அதன் சின்னக் கத்தரிக்கோல் பெரிய கத்தியைவிட அதிகம் உழைத்தது. ஆனால் அலகு என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. மாம்பழத்தில் பிடியும் சேர்ந்து மூழ்கி, கீலெல்லாம் சாறு. அதைச் சென்னை விமானத்துக்குப் போன அவசரத்தில் சாவியோடு கைப்பையில் எடுத்துப் போய்விட்டேன். கத்தி எதுவும் விமானத்துக்குள் கைப்பையில் போகக் கூடாது. சரக்கில் போடும் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். தெரியாத விஷயமா? தெரியும். பரிசோதனை செய்த பெண் அதை எடுத்து ஒரு பெட்டியில் போட்டார். அந்தப் பெட்டியில் நகவெட்டி, கத்தரிக்கோல் என்று ஒரு கடையே இருந்தது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1959-இன் ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகளின்படி, ஆயுதம் என்ற வகையில் வருபவை அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவை அதில் சேராது. அதற்காகச் சின்னக் கத்தி எல்லாவற்றையும் எங்கும் கொண்டு போகலாம் என்று பொருளில்லை. குறிப்பிட்ட பகுதிகளுக்குத் தனி அறிவிக்கை போட அரசுக்கு அதிகாரம் உண்டு. நீதிமன்றத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் போகும் நாளில் நான் கத்தியை மண்டியில் வைத்துவிட்டுப் போகிறேன். வாசலில் நின்று மாம்பழக் கதை சொல்ல எனக்கு நேரமில்லை.

சட்டத்தைவிட முக்கியம் பக்கத்தில் இருப்பவர் கண். அந்தக் கருப்புக் கத்தியை மண்டியில் ஒருமுறை டக்கென்று திறந்தபோது, ரசீது வாங்க நின்றிருந்த பெண் சட்டென்று குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் வெட்டவிருந்தது ஒரு பிஸ்கட் பாக்கெட். அதே வேலையைச் சிவப்புப் பிடி வைத்த கத்தியால் நகம் கொண்டு மெதுவாகத் திறந்து செய்தால் யாரும் திரும்பியே பார்ப்பதில்லை. கத்தி என்ற சொல்லுக்கே நம் ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. ஒற்றைக் கையால் சட்டென்று திறப்பதைத்தான் கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். எனக்கு அது வேண்டவே வேண்டாத குணம்.

நான்காவது இப்போது பையில் இருப்பது. அதே சுவிஸ் கம்பெனி, 84 மில்லிமீட்டர், 'வெயிட்டர்' என்று பெயர். ஒரு கத்தி, டின்னும் பாட்டிலும் திறக்க ஒரு தகடு, முதுகில் ஒரு திருகாணி. பிடியின் ஓரத்தில் ஒரு பல்குச்சியும் ஒரு சாமணமும் செருகியிருக்கும். சாவிக்கொத்தைவிடக் கனம் குறைவு. டெய்லர் அண்ணனின் பையில் அளவெடுத்தது போல் நின்றது. பூட்டு கிடையாது. அலகின் கடினம் ராக்வெல்லில் 56 அளவில். வெகுநாள் கூர் நிற்காது, ஆனால் பீங்கான் கோப்பையின் அடியில் மெருகில்லாமல் சொரசொரவென்று ஒரு வளையம் இருக்குமே, அதில் இரண்டு பக்கமும் பத்துப் பத்து இழுப்பு இழுத்தால் நகத்தைக் கவ்வும். அலகைக் கிட்டத்தட்ட படுக்கவைத்து, முதுகை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும். கோப்பையில் கறுப்புக் கோடு விழுந்தால் சரியாகப் போகிறது என்று பொருள். வேகமாகச் சுற்றும் மின்சாரச் சாணையில் மட்டும் கொடுக்காதீர்கள். தாத்தாவின் கத்தியை ஒரு திருவிழாவில் அப்படிக் கொடுத்துத்தான் நுனியில் மயில்கழுத்து நீலம் ஏறியது. அந்த நிறம் ஏறிய இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது. இனி எவ்வளவு தீட்டினாலும் இரண்டு நாளில் மழுங்கும்.

அந்தத் திருகாணியைப் பார்த்துவிட்டு அம்மா, "இது எதற்கு?" என்று கேட்டாள். ஒயின் பாட்டிலின் தக்கையைப் பிடுங்குவதற்கு என்று சொல்ல வேண்டியதாயிற்று. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. எனக்கும் அது வீண் சுமை என்றுதான் தோன்றியது, ஒரு திங்கட்கிழமை மூட்டையில் தவறான முனையை இழுத்து முடிச்சு விழும் வரைக்கும். கத்தியைத் திறக்கப்போனவள், சும்மா அந்தத் திருகாணியின் முனையை முடிச்சின் நடுவில் விட்டு நெம்பினேன். முடிச்சு மலர்ந்துவிட்டது. நூலை உருவினேன், முழு நீளமும் வந்தது. அறுபடாத நூலை அண்ணன்கள் சுருட்டி வைத்துக்கொள்வார்கள், திரும்பத் தைக்க உதவும். பதினேழு ஆண்டுகளாக நான் அறுத்து வீணாக்கிய நூலைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆயுதபூஜைக்குத் தராசு, குத்தூசி, கால்குலேட்டர் எல்லாவற்றோடும் அதையும் முதலாளி வரிசையில் வைத்தார். சந்தனம் தாராளமாக வைத்ததில் கீலுக்குள் இறங்கிக் காய்ந்து, விஜயதசமியன்று கத்தி திறக்கவில்லை. வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தேன். இன்றைக்கும் திறந்தால் லேசாகச் சந்தன வாசனை வருகிறது, அல்லது எனக்கு மட்டும் வருகிறது.

போன ஞாயிறு ஏற்காட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மாள், மடியில் ஒரு பை கொய்யா. பேத்தி காய் வேண்டுமென்று அழுதது. பல்லால் கடிக்க முடியாத வயது. அம்மாள் சுற்றிலும் பார்த்தார். நான் பையிலிருந்து எடுத்தேன். "அட, கத்தி வைத்திருக்கிறாயா கண்ணு!" என்றார், "பாதுகாப்புக்கா?" என்று கேட்கவில்லை. வளைவு வருகிறது என்று தெரிந்ததால் மடக்கியே வைத்திருந்தேன். பஸ் திரும்பி நிமிர்ந்ததும் திறந்து, நான்காகப் பிளந்து, விதைப் பகுதியைச் சீவிக் கொடுத்தேன். இன்னொரு காயை அவரே நறுக்குவதாகச் சொல்லிக் கை நீட்டினார். கத்தியை மடக்கி, எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கையின் மேல் வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே அங்கிருந்து எடுத்தார். அடுத்த வளைவுக்கு முன்னால் எனக்கும் ஒரு துண்டு வந்தது, மிளகாய்த்தூள் தூவி.